வருமான வரி ரிட்டர்னை அரசே தயாரித்துத் தந்தால் என்ன?

பாகாயம் சிஸ்டர்:
நேற்று சத்துவாச்சாரி கணக்கர் ஐயா இங்கே எழுதியது: "ரிட்டர்னை அரசாங்கமே போட்டுத் தர வேண்டும் என்று கேட்பது சோம்பேறித்தனம், படித்தவர்களுக்குப் பத்து நிமிட வேலை." நைட் டூட்டி முடித்து வந்து படித்தேன், தூக்கமே போய்விட்டது. என் சம்பளத்தில் ஆஸ்பத்திரியே டிடிஎஸ் என்று வரியை முன்பே பிடித்துக் கட்டிவிடுகிறது, அதற்குச் சான்றாக ஃபார்ம் 16 வருகிறது, 2021-லிருந்து வரித்துறையின் ஏஐஎஸ் என்று ஒரு பட்டியலும் வருகிறது, அதில் சேமிப்புக் கணக்கு வட்டி முதல் மியூச்சுவல் ஃபண்டு விற்றது வரை இருக்கிறது. எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு என்னையே ஏன் கேட்க வேண்டும்? கரண்ட் பில்லை நாமா கணக்குப் போட்டு மின்வாரியத்துக்குக் கொடுக்கிறோம்? அவர்கள் ரீடிங் எடுக்கிறார்கள், தொகை சொல்கிறார்கள், நாம் கட்டுகிறோம்.

சத்துவாச்சாரி கணக்கர்:
அம்மா, வீட்டுக்கு ஒரு மீட்டர். வட்டி அப்படி இல்லை. அப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் 31 வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தை எஃப்டி போட்டோம். வங்கிக்கு அவரால் அலைய முடியாது என்று என் பெயரை முதலிலும் அவர் பெயரை இரண்டாவதாகவும் போட்டோம். வங்கி முதல் பெயர் யாரோ அவருடைய பான் எண்ணில்தான் டிடிஎஸ் பிடிக்கும். ஒரு வருஷ வட்டி 86,000 ரூபாய், அவ்வளவும் என் ஏஐஎஸ்ஸில் வந்து உட்கார்ந்தது, முன்கூட்டியே நிரப்பி வந்த படிவத்திலும் அப்படியே. பணம் அவருடையது, அந்த வட்டியில் மருந்து வாங்கிச் சாப்பிட்டவரும் அவர், வருமானம் மட்டும் என்னுடையதாம்! அரசாங்கம் தயாரித்தது சரியாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டிருந்தால் 20 சதவீதத்தில் 17,200 ரூபாய் என் கையிலிருந்து போயிருக்கும். உட்கார்ந்து படித்ததால்தான் பிழைத்தேன்.

பாகாயம் சிஸ்டர்:
முதல் பெயர் உங்களுடையது. நீங்கள் வங்கியில் சொன்னதைத்தான் வங்கி சொல்லியிருக்கிறது. அரசாங்கத்தின் தப்பு இதில் எங்கே?

சத்துவாச்சாரி கணக்கர்:
முதல் பெயர் வங்கியின் வசதிக்கு. பணம் யாருடையதோ வருமானம் அவருடையது. அதனால்தான் ஏஐஎஸ்ஸிலேயே "இந்தத் தகவல் வேறு பான் எண்ணுக்குரியது" என்று மறுப்புச் சொல்ல இடம் வைத்திருக்கிறார்கள். தன் பட்டியல் தப்பாகவும் இருக்கலாம் என்று துறைக்கே தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை.

ஆம்பூர் தையல்:
கணக்கர் அண்ணே, உங்கள் ஒரு எஃப்டிக்காக எல்லோரும் அலைய வேண்டுமா? நான் ஷூ கம்பெனிக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறேன், ஜாப் ஒர்க். பில் போடும்போதே ஒரு சதவீதம் பிடிக்கிறார்கள், போன வருஷம் 2,300 ரூபாய். எனக்கு வரியே வராது. பிடித்தது அவர்கள், கணக்கில் வைத்திருப்பதும் அவர்கள், திருப்பி வாங்க நான் 500 ரூபாய் கொடுத்து ஆள் பிடித்து ரிட்டர்ன் போட வேண்டும். ஸ்வீடனில் நிரப்பியே அனுப்புகிறார்கள், போனில் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது. அந்த 500 யார் பைக்குப் போகிறது என்பதையும் இங்கே சொல்லலாமே.

சத்துவாச்சாரி கணக்கர்:
என் பைக்குத்தான் வருகிறது என்கிறீர்களா? பத்து வருஷமாகத் தெருப் பிள்ளைகளுக்கு இலவசமாகவும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று அரசாங்கத்துக்குத் தெரியும் தம்பி, நூல், ஊசி, மெஷின் ரிப்பேர், கூட உட்கார்ந்து தைக்கிற பெண்ணுக்குக் கொடுத்த கூலி, இதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? அப்புறம், ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். வேலூர்க்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஏன் வருகிறீர்கள்?

ஆம்பூர் தையல்:
2019-இல் மாவட்டத்துக்குக் கோடு போட்டார்கள், என் மேல் போடவில்லை. என் தாத்தா வட ஆற்காட்டுக்காரர், நானும் அப்படித்தான். பிரியாணிக்கு மட்டும் ஆம்பூர் வேண்டும், பேச்சுக்கு வேண்டாமா?

குடியாத்தம் ஹவில்தார்:
சண்டையை நிறுத்துங்கள். என் பெரியப்பாவுக்கு 78 வயது, ராணுவப் பென்ஷன். பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வருகிறது. ஒரு படிவம் எழுதிக் கொடுத்தார், வங்கியே கணக்குப் போட்டு வரியைப் பிடித்துக்கொள்கிறது, ரிட்டர்ன் போட வேண்டியதே இல்லை. 194P என்ற பிரிவில் 75 வயதானவர்களுக்கு 2021 ஏப்ரலில் வந்த வசதி இது. 75 வயதுக்காரருக்கு முடிகிறது என்றால் 50 வயதுக்காரனுக்கு ஏன் முடியாது?

சத்துவாச்சாரி கணக்கர்:
ஒரே வங்கி, ஹவில்தார் சார், ஒரே வங்கி! பக்கத்து வங்கியில் பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு எஃப்டி போட்டு வட்டி வந்தால் அந்த வசதி போச்சு. அந்த எஃப்டியில் முதல் பெயர் பெரியப்பாவுடையதா, உங்களுடையதா? அங்கேயும் அதே பிரச்சினைதான் வந்து நிற்கும். நான் சொல்வதை யாருமே காதில் வாங்கவில்லை.

குடியாத்தம் ஹவில்தார்:
நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் 2025-இல் மாட்டிக்கொண்டேன். செப்டம்பர் 15-க்கு மேல் ஒரு நாள்கூடத் தர மாட்டார்கள் என்று அடித்துச் சொன்னீர்கள், உங்களை நம்பி ராத்திரி பதினோரு மணிக்கு அவசரமாகத் தப்பும் தவறுமாக ஃபைல் பண்ணினேன். அப்புறம் 16 வரை கொடுத்தார்கள். திருத்திய ரிட்டர்ன் போட்டது நான்தான், நீங்கள் இல்லை.

சத்துவாச்சாரி கணக்கர்:
ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்ததை இத்தனை நாள் மனதில் வைத்திருக்கிறீர்களா? கடைசி நாள் வரை காத்திருந்தது யார்?

பாகாயம் சிஸ்டர்:
ஒன்று மட்டும் கேட்கிறேன் ஐயா. அந்த எஃப்டியில் அப்பா பெயரை முதலில் மாற்றிவிட்டீர்களா?

சத்துவாச்சாரி கணக்கர்:
மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். பணம் யாருடையது என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அந்த வட்டி என்னுடையது அல்ல என்று நானே என் கையால் எழுதுவேன்.

ஆம்பூர் தையல்:
முதல் பெயர் உங்களுடையதுதானே அண்ணே?