ஆப்பரேட்டிங் லெவரேஜ்: ‘மாறாச்செலவு வீச்சு’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

விற்பனை சற்று அசைந்தாலும் இயக்க இலாபம் அதைவிடக் கூடுதல் விழுக்காட்டில் அசைவதைக் குறிக்கும் ‘ஆப்பரேட்டிங் லெவரேஜ்’ என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இவ்விழையில் இதுவரை இயக்க நெம்புதிறன், செயற்பாட்டு உந்தம், இலாபப் பெருக்கி ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்காவதாக ‘மாறாச்செலவு வீச்சு’ என்பதை முன்வைக்கிறேன். சொல்லை எடைபோடுவதற்கு முன், அது சுட்டும் நிகழ்வைக் கணக்கில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கருத்து தெளிவானால் எந்தச் சொல் ஒட்டும், எது ஒட்டாது என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டின் விற்பனையும் 1,000. இயக்க இலாபமும் (வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம்) இரண்டுக்கும் 150. முதல் நிறுவனத்தில் மாறும் செலவு 400, மாறாச் செலவு 450. இரண்டாவதில் மாறும் செலவு 800, மாறாச் செலவு 50 மட்டுமே. இருவரின் விற்பனை அளவும் 10 விழுக்காடு கூடினால், முதல் நிறுவனத்தின் இலாபம் 210 ஆகிறது, அதாவது 40 விழுக்காடு உயர்கிறது. இரண்டாவதன் இலாபமோ 170 என்ற அளவோடு நின்றுவிடுகிறது. விற்பனை 10 விழுக்காடு குறைந்தால் முதலாவதன் இலாபம் 90க்கு விழ, இரண்டாவது 130இல் தாக்குப்பிடிக்கிறது. வாடகை, நிரந்தரப் பணியாளர் ஊதியம், எந்திரத் தேய்மானம் போன்றவை விற்பனையோடு சேர்ந்து அசைவதில்லை என்பதால், அசைவு முழுவதும் இலாபத்தின் தலையில் வந்து விடிகிறது. விற்பனையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் கிடைக்கும் பங்களிப்பை இயக்க இலாபத்தால் வகுத்தால் இதன் மடங்கு, அதாவது இலாபம் விற்பனையைப்போல் எத்தனை மடங்கு அசைகிறது என்பது, கிடைக்கும்: முதல் நிறுவனத்துக்கு 4, இரண்டாவதற்கு 1.33.

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘நெம்புதிறன்’ மூலச்சொல்லின் உருவகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறது. நெம்புகோல் என்றதும் சிறு விசையால் பெரும்பாரத்தைத் தூக்குகிற ஆதாயம்தான் நினைவுக்கு வருமே தவிர, விற்பனை சரிந்தால் இலாபம் அதே வேகத்தில் கீழிறங்கும் என்பது யாருக்கும் தோன்றாது. ‘திறன்’ என்ற பின்னொட்டிலும் எனக்கு உடன்பாடில்லை. மேற்சொன்ன முதல் நிறுவனத்தின் இலாப நட்டமற்ற புள்ளி 750; அதன் விற்பனை 800ஆக இருக்கும்போது பங்களிப்பு 480, இலாபம் 30, மடங்கு 16! விற்பனை 1,000ஆக உயர்ந்ததும் அந்த மடங்கு 4க்குத் தணிந்துவிடுகிறது. செலவமைப்பு மாறாதிருக்கும்போதே இடத்துக்கு இடம் இப்படி மாறுகிற ஒன்றை அந்த நிறுவனத்தின் திறன் என்று எப்படிச் சொல்வது?

‘உந்தம்’ இயற்பியலில் வேறொன்றுக்கு நிலைபெற்றுவிட்ட சொல் என்பதால் அதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. ‘பெருக்கி’யின் சிக்கல் சற்று ஆழமானது. பொருளியலாளர் கெயின்ஸ் 1936இல் விரித்துரைத்த முதலீட்டுப் பெருக்கியை நம் பொருளியல் பாடநூல்கள் இச்சொல்லால்தான் வழங்குகின்றன; வணிகவியலும் பொருளியலும் ஒரே மாணவர் ஒரே ஆண்டில் படிக்கும் பாடங்கள் என்கையில், இரண்டு பெருக்கிகளை அவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. மேலும், ‘இலாபப் பெருக்கி’ என்ற தொடரைப் பங்குச்சந்தை விளம்பரத்தில் பார்த்தால்கூட நான் வியப்படைய மாட்டேன். அவ்வளவு இனிப்பு அதில் இருக்கிறது.

‘வீச்சு’ இரு திசைக்கும் பொதுவானது. ஊசல் ஒரு பக்கம் எவ்வளவு போகிறதோ அவ்வளவு மறுபக்கமும் போகும் என்ற பொருள் அச்சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. புள்ளியியலில் மிகப்பெரிய மதிப்புக்கும் மிகச்சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை வீச்சு என்கிறோமே என்று கேட்கப்படலாம். ஏற்றத்தாழ்வின் அகலம் என்ற அடிப்படைப் பொருள் அங்கும் இங்கும் ஒன்றே என்பதாலும், முன்னொட்டு இருப்பதாலும் குழப்பம் நேராது என்று கருதுகிறேன். ‘மாறாச்செலவு வீச்சு’ என்றால் மாறாச்செலவினுடைய வீச்சு என்று பொருள்படாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. மாறாத ஒன்றுக்கு வீச்சு ஏது என்று படிப்பவரே அப்பொருளைத் தள்ளிவிடுவார். புயல் சேதம் என்றால் புயலால் நேர்ந்த சேதம் என்று நாம் தயங்காமல் கொள்வதுபோல, மாறாச்செலவால் நேரும் வீச்சு என்று கொள்வதில் தொகைமரபு மீறப்படவும் இல்லை.

காரணத்தைப் பெயரிலேயே வைப்பதில் இன்னொரு பயன் உண்டு. போட்டியை விளக்கும்போது அது தெரியும். இரு நிறுவனங்களும் விலையை 10 விழுக்காடு குறைப்பதாகக் கொள்வோம். விற்கும் அளவு கூடாவிட்டால் இருவருக்கும் இலாபம் ஒரேபோல் 50க்கு இறங்கிவிடும். ஆனால் பழைய இலாபத்தை மீட்க முதல் நிறுவனம் 20 விழுக்காடு கூடுதலாக விற்றால் போதும்; இரண்டாவது நிறுவனமோ விற்பனை அளவை இரட்டிப்பாக்க வேண்டும். ஆகவே மாறாச்செலவு மிகுந்த தொழில்களில்தான் விலைக்குறைப்பு ஆசை எளிதில் தலைதூக்குகிறது, அங்கேதான் அது எல்லாரையும் ஒருசேரப் பள்ளத்தில் இறக்குகிறது. விமானப் போக்குவரத்தில் காலியாக உள்ள இருக்கையில் கூடுதலாக ஒரு பயணியை ஏற்ற ஆகும் செலவு மிகச் சொற்பம், காலியாகப் பறந்த இருக்கையையோ பிறகு விற்க வழியில்லை. உள்நாட்டு விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை விலக்க அமெரிக்கா 1978இல் சட்டம் இயற்றிய பின் கட்டணப் போர்கள் மூண்டன. ஈஸ்டர்ன், பான் ஆம் ஆகிய இரு பழம்பெரும் நிறுவனங்களும் 1991இல் பறப்பதை நிறுத்தின. எரிபொருள் விலை, கடன், தொழிலாளர் தகராறு என அவற்றின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல இருப்பினும், விற்பனை சரிந்தபோது கூடவே சரியாத செலவு அவற்றுள் முக்கியமானது. 2020இல் விமானங்கள் தரையில் நின்ற மாதங்களிலும் குத்தகைத் தொகையும் பராமரிப்புச் செலவும் நிற்கவில்லை.

இச்சொல்லை ஏற்றால் ‘ஃபைனான்ஷியல் லெவரேஜ்’ என்பதைக் ‘கடன் வீச்சு’ எனலாம். அங்கே மாறாதிருப்பது வட்டி. நம் முதல் நிறுவனத்துக்கு வட்டி 50 என்றால், வரிக்கு முந்தைய இலாபம் 100, கடன் வீச்சு மடங்கு 150 ÷ 100 = 1.5. இரண்டும் சேர்ந்த ‘கூட்டு வீச்சு’ 4 × 1.5 = 6. சரிபார்த்தால், விற்பனை 10 விழுக்காடு குறையும்போது அந்த 100 சரியாக 40க்கு வந்து நிற்கிறது.

ஆண்டறிக்கை நடையிலும் இதைச் சோதித்துப் பார்த்தேன்: “விற்பனை 5 விழுக்காடே வளர்ந்தபோதும், மாறாச்செலவு வீச்சினால் இயக்க இலாபம் 18 விழுக்காடு உயர்ந்தது.” “கடன் வீச்சைத் தணிக்கும் பொருட்டு நிறுவனம் இரு ஆலைகளை விற்றது.” இரண்டு வாக்கியங்களும் தடுக்காமல் ஓடுகின்றன, ‘நெம்புதிறனைத் தணிக்கும் பொருட்டு’ என்று எழுதினால் ஓடுவதில்லை.

கலைச்சொல் தொகுப்பில் சேர்க்க உடன்பாடு இருப்பின், விளக்கக் குறிப்பை இவ்வாறு அமைக்கலாம்: மாறாச்செலவு வீச்சு — செலவில் ஒரு பகுதி விற்பனையோடு மாறாதிருப்பதனால், விற்பனை அளவில் நேரும் ஏற்ற இறக்கம் இயக்க இலாபத்தில் கூடுதல் மடங்கில் வெளிப்படுதல், மடங்கைக் குறிப்பிடும்போது எந்த விற்பனை நிலையில் கணக்கிடப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ‘கியரிங்’ விகிதத்துக்குப் புதுச்சொல் தேவையில்லை, கடன்–பங்குமுதல் விகிதம் என்பதே போதும். ‘மாறாச்செலவு’ என்பதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில் மட்டும் உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்; தனிச்சொல்லாக வரும்போது பிரித்தும், இத்தொடரில் சேர்த்தும் எழுதலாம் என்பது என் எண்ணம்.