வாதத்தில் உள்ள ஓட்டைக்கு என்ன பெயர்? வெள்ளிக்குள் தேவை

சுங்கை சிப்புட் ஆசிரியை எழுதியது:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் மண்டபத்தில், மேலாண்மை முதுகலைப் படிப்பில் சேர்வதற்கான ஜிமேட் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள் சிலருக்கு வகுப்பு எடுக்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கும் மாறியவர்கள். ஆங்கிலம் அவர்களுக்குத் தடை இல்லை. ஆனால் நான்கு வரி வாதத்தில் எது சொல்லப்பட்டது, எது சொல்லாமல் விடப்பட்டது என்று தமிழில் பேசும்போதுதான் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். அதற்காக ஒரு தமிழ் விளக்கத்தாள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

நான் எழுதிய மாதிரி வாதம் இது: "ஆலைச் சாலையில் வேகத்தடை போட்ட பிறகு விபத்துகள் குறைந்துள்ளன. ஆகவே விபத்தைக் குறைத்தது வேகத்தடைதான்." இதைப் பலவீனப்படுத்தும் கூற்று: அதே மாதத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் புறவழிச் சாலைக்கு மாற்றப்பட்டன.

இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று ஃப்ளா, அதாவது வாதத்தில் உள்ள குறை. மற்றொன்று அஸம்ப்ஷன், அதாவது வாதம் சொல்லாமலே நம்பி நிற்கும் கூற்று. இப்போதைக்கு 'ஓட்டை', 'அனுமானம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சொல் குறுகியதாக இருந்தால் நல்லது. இத்தகைய கேள்விகள் வரும் வெர்பல் பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்விகள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது.

கோலகங்சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

ஆசிரியைக்கு வாழ்த்துகள். ஆனால் 'ஓட்டை' வேண்டாம் அம்மா. ஓட்டை வாளிக்கு உண்டு, கூரைக்கு உண்டு. வாதத்துக்கு 'வழு' இருக்கிறதே! வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்றையும் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம்.

அதைவிடச் சிறந்ததும் உண்டு. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கிறார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம், அதாவது நிறுவ வந்த கூற்று. புகையுடைமை ஏது, அதாவது காரணம். அடுக்களை திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இவை பிழைபட்டால் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி. நம் வீட்டுச் சொத்து இது. 'வாதப்போலி' என்று போடுங்கள்.

பினாங்கு மொழிபெயர்ப்பாளர்:

ஐயா மன்னிக்க வேண்டும். இன்றைய பிள்ளைக்குப் 'போலி' என்றால் போலிச் சான்றிதழ், போலி மருத்துவர். மேலும் வேகத்தடை வாதம் போலியன்று. வேகத்தடை உண்மையிலேயே உதவியிருக்கலாம். தேர்வு கேட்பது வாதத்தை இடிக்கும் கூற்றை அன்று. முடிவின் மேல் நமக்கிருந்த நம்பிக்கையைச் சற்றே தளர்த்தும் கூற்றை. இதே காரணத்தால் 'வழு'வும் எனக்கு ஒட்டவில்லை. 'அவன் வந்தது' என்பது வழு. அதில் பாதி வழு என்று ஒன்று கிடையாது.

ஆசிரியைக்கு இதைவிட அவசரமான ஒரு செய்தி: 'அனுமானம்' என்று அச்சடித்துவிடாதீர்கள். பேச்சில் நாம் அதை உத்தேசம் என்ற பொருளில் சொல்கிறோம். அளவை நூலில், அதாவது தருக்க நூலில், அது புகையைக் கண்டு நெருப்பை அறிவது. சொன்னதிலிருந்து சொல்லாததற்குப் போவது. ஜிமேட்டில் அதற்குத் தனிக் கேள்வி வகையே உண்டு, இன்ஃபரன்ஸ். நீங்கள் கேட்பதோ முடிவுக்கு முன்பே நிற்கும் ஒன்றை. உங்கள் வாதத்தில் அது 'அந்தச் சாலையில் வேறெதுவும் மாறவில்லை' என்பது. அனுமானம் என்று பெயரிட்டால் பிள்ளை 'சாலையில் இப்போது முன்பைவிட விபத்து குறைவு' என்ற தெரிவைத் தேர்ந்துவிட்டு வருவான். அது உண்மையான கூற்று, ஆனால் தவறான விடை.

டொரோண்டோ, யாழ்ப்பாணத்தவர்:

எங்கள் பாடநூல்களில் 'எடுகோள்' என்று படித்தோம். எடுத்துக்கொண்டது எடுகோள். ஒருவருக்கும் தலைவலி வந்ததில்லை. ஏன் புதிதாகத் தேடுகிறீர்கள்?

கோலகங்சார் தலைமையாசிரியர்:

கோள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கொள் என்ற முதனிலை திரிந்து கோள் ஆனது. கெடு, கேடு ஆனதுபோல. புறங்கூறுதலும் கோள்தான், வானத்துக் கிரகமும் கோள்தான். 'மேற்கோள்' என்பதையும் கவனியுங்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுக்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுப்பு உண்டு. அங்கே மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. அடுத்தவர் சொன்னதை எடுத்தாள்வது என்று இன்று அதைச் சுருக்கிவிட்டோம். இந்த விளக்கத்தாளிலாவது பழைய பொருளை மீட்கலாகாதா? பரிமேலழகரும் 'ஆற்றின் அளவறிந்து கற்க' என்ற குறளில் அளவு என்பதற்கு அளவை நூல் என்றே

கோலாலம்பூர் மென்பொருளாளர்:

ஐயா, மடல் பாதியில் நின்றுவிட்டது. நின்றது நல்லதற்குத்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நன்னூலின் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' என்று ஒன்று உண்டு. இந்த இழை அதற்குத் தக்க உதாரணம். அச்சகம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மூடிவிடும்.

மதுரைப் பேராசிரியர்:

முதலில் ஓர் ஐயம். செம்பனை என்றால் என்ன?

கோலாலம்பூர் மென்பொருளாளர்:

பாமாயில் எடுக்கும் மரம், ஐயா. நீங்கள் எண்ணெய்ப்பனை என்பீர்கள். ரப்பர் மரங்களை அழித்துவிட்டு இதைத்தான் நட்டார்கள். எந்தக் கலைச்சொல் குழுவிலும் விவாதித்த பிறகு தோட்டத்து மக்கள் இதைச் சொல்லத் தொடங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

மதுரைப் பேராசிரியர்:

நன்றி, அழகான சொல். இனி என் கருத்து. சொல்லாமல் நின்று பொருள் தருவதற்கு நம் இலக்கணத்தில் ஏற்கெனவே பெயர் உண்டு: தொகை. உங்கள் ஊரில் ரப்பர் மரத்தைப் பால்மரம் என்கிறீர்கள் அல்லவா? பாலைத் தரும் மரம். 'ஐ' உருபும் இல்லை, 'தரும்' என்ற சொல்லும் இல்லை. இருந்தும் யாரும் பாலால் செய்த மரம் என்று நினைப்பதில்லை. உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வாதத்திலும் இப்படியே இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வரி தொக்கி நிற்கிறது. அதை விரித்து எழுதினால் வாதத்தின் பலவீனம் தானாகத் தெரியும். ஆகவே 'தொகுகோள்'.

கோலகங்சார் தலைமையாசிரியர்:

ஆகா! என் போலியைத் திரும்பப் பெறுகிறேன். தொகுகோள்தான்.

பினாங்கு மொழிபெயர்ப்பாளர்:

விளக்கம் அருமை, அதை அப்படியே தாளில் சேர்க்கலாம். சொல்தான் இடறுகிறது. தொகை என்றதும் பிள்ளைகள் எத்தனை ரிங்கிட் என்று கேட்பார்கள். தொகுத்தல் என்றால் திரட்டுவது என்று எண்ணுவார்கள். 'உட்கோள்' போதும். உள்ளே இருப்பது, கொள்ளப்பட்டது. இரண்டும் கண்ணுக்குத் தெரிகின்றன.

டொரோண்டோ, யாழ்ப்பாணத்தவர்:

எடுகோளை ஒருவரும் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பினாங்கு மொழிபெயர்ப்பாளர்:

மறுக்கிறேன். எடுகோள் என்றால் 'இதை எடுத்துக்கொள்கிறேன்' என்று வாதிடுபவர் அறிவித்துவிட்டு எடுப்பது. கணிதத்தில் அது சரி. இங்கே வாதிடுபவருக்கே தாம் எதை எடுத்துக்கொண்டோம் என்று தெரியாது.

சுங்கை சிப்புட் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. நேற்று சில பிள்ளைகளிடம் வரைவைக் காட்டினேன். பால்மர விளக்கம் எல்லோருக்கும் உடனே விளங்கியது. பிறகு கூற்றை எதிர்மறையாக்கும் சோதனையைச் செய்து பார்த்தோம்: 'வேறெதுவும் மாறவில்லை' என்பதை 'வேறு ஏதோ மாறியது' என்று திருப்பிப் போட்டால் வாதம் நிற்கிறதா? நிற்கவில்லை, ஆகவே அது உட்கோள். 'விபத்து குறைவு என்பது ஊர் மக்களுக்கு மகிழ்ச்சி' என்ற வரியைத் திருப்பிப் போட்டார்கள். வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே அது உட்கோள் அன்று. தொகுகோள் என்று எழுதிய தாளில் ஒரு பெண் 'தொகுப்பு' என்று திருத்தியிருந்தாள்.

எனவே அஸம்ப்ஷனுக்கு உட்கோள். ஃப்ளாவுக்கு 'விரிசல்' என்று போடுகிறேன். சுவர் விழாமலும் விரிசல் இருக்கலாம் என்பதால் பினாங்கு அம்மா சொன்ன தளர்வு அதில் இருக்கிறது. அனுமானம் இன்ஃபரன்ஸுக்கு மட்டும். தாள் அச்சகத்துக்குப் போய்விட்டது.

மதுரைப் பேராசிரியர்:

பெரும்பான்மைக்குப் பணிகிறேன். ஆனால் உட்கோள் என்பதை உட்கருத்து என்று எவரேனும் படித்தால் யார் பொறுப்பு? கருத்து வேறு, முடிவைத் தாங்கி நிற்கும் கூற்று வேறு.

கோலகங்சார் தலைமையாசிரியர்:

நான் பணியவில்லை. விரிசலை ஏற்கிறேன், உட்கோளை ஏற்கவில்லை. என் பெயரனும் அந்த வகுப்பில்தான் படிக்கிறான். தாளில் என்ன இருந்தாலும் வீட்டில் அவனுக்குத் தொகுகோள் என்றே சொல்லித்தருவேன். பரிமேலழகர் பற்றிய மீதியைத் தனி மடலில் அனுப்புகிறேன்.