எல்லா எண்களும் சரியாகவே இருந்தன: மல்டி-லூப் கண்ட்ரோலர்களுடன் நேர்ந்த அனுபவங்கள்

பைப் லைன், கோவை:

இரவு இரண்டு மணிக்கு, பி.வி.சி. பைப் எக்ஸ்ட்ரூடரில் டையின், அதாவது உருகிய பி.வி.சி.க்குப் பைப் வடிவம் தரும் அச்சின், நான்கு வெப்ப மண்டலங்களைக் கவனித்துவந்த கண்ட்ரோலர் மாட்யூல் செயலிழந்தது. கையிருப்பில் இருந்த அதே மாடலைப் பேனலுக்குள் உள்ள உலோகப் பட்டையில் (டின் ரயில்) பொருத்தி, முகவரி சுவிட்சைப் பழையதைப் போலவே வைத்து, வயர்களை மாற்றி, இருபது நிமிடத்தில் லைனை ஓட்டிவிட்டேன். நான்கு மண்டலங்களும் 185 டிகிரியில் அசையாமல் நின்றன. முக்கால் மணி நேரம் கழித்து ஆபரேட்டர் வந்து, "அண்ணா, கண் எரிகிறது" என்றார். நான் டையைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று அவரிடமே சொன்னேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்தப் பதில்தான்.

பிறகு அருகில் சென்றபோது, வெளிவந்துகொண்டிருந்த சாம்பல் நிறப் பைப்பின் மேல் முடியளவில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரல் அகலத்துக்கு விரிந்து கறுத்தது. அமில வாடை மூக்கைப் பிடித்தது. சூட்டுக்கு ஏற்பச் சிறு மின்னழுத்தம் தரும் சென்சார்களான எங்கள் தெர்மோகப்பிள்கள் கே வகை. புதிய மாட்யூலோ பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஜே வகை அமைப்பில் இருந்தது. கே வகை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தரும், ஜே வகை 50-க்கு மேல் தரும் என்பதால், கே தந்த குறைந்த மின்னழுத்தத்தை ஜே அட்டவணையில் வைத்துப் படித்த மாட்யூல், டை இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி ஹீட்டரை விடாமல் ஓட்டியிருக்கிறது. பேனலின் உட்சூடு 35 டிகிரி என்று வைத்துப் பின்னர் கணக்கிட்டபோது, திரையில் 185 தெரிந்த நேரத்தில் டை ஏறத்தாழ 235 டிகிரியில் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. டையைக் கழற்றி, கருகிய பி.வி.சி.யைப் பித்தளைத் தகட்டால் சுரண்டி எடுத்து முடிக்க மறுநாள் மாலை ஆகிவிட்டது.

உலைக்காரன், ஓசூர்:

எனக்கும் இதைப் போன்ற ஒன்று உண்டு, ஆனால் அதில் சென்சார் பிழை இல்லை. அலுமினிய வார்ப்புகளை 540 டிகிரியில் ஊறவைக்கும் மூன்று மண்டல உலையில் புதிய கண்ட்ரோலரைப் பொருத்தியவர்கள், உலை காலியாக இருந்தபோதே மூன்று லூப்களுக்கும் (ஒரு மண்டலத்தின் சென்சாரும் ஹீட்டரும் சேர்ந்தது ஒரு லூப்) ஒரே நேரத்தில் ஆட்டோ டியூன், அதாவது ஹீட்டரை எப்படி ஏற்றி இறக்குவது என்பதைக் கண்ட்ரோலரே கண்டறியும் வேலை, கொடுத்துவிட்டுச் சென்றார்கள். முதல் லோடிலேயே நடு மண்டலம் 561 வரை ஏறி இறங்கியது. கதவைத் திறந்தபோது வார்ப்புகளின் மேற்பரப்பு முழுவதும் வேர்க்குரு போலக் கொப்புளங்கள். அந்த உலோகக் கலவையில் 555-ஐ ஒட்டியே எளிதில் உருகும் பகுதி கசியத் தொடங்கிவிடும். அதன்பின் எந்தச் சிகிச்சையும் அதை மீட்காது. ஒரு கூடை வார்ப்பு முழுவதும் மீண்டும் உருக்குவதற்கே போயிற்று.

மோல்டு ஷாப், அம்பத்தூர்:

கோவை நண்பரின் பதிவில் குறை மாட்யூலின் மேல் விழுவது போல் தோன்றுகிறது; அதை நான் ஏற்கவில்லை. சில வகைகளில் தலைமை மாட்யூலோ அடித்தளமோ அமைப்புகளை நினைவில் வைத்திருந்து புதிய மாட்யூலுக்குத் தானே எழுதிவிடும். வேறு சில வகைகளில் ஒவ்வொரு மாட்யூலும் தன் அமைப்பைத் தானே சுமக்கும். தன்னிடம் இருப்பது எந்த வகை என்பதை மாற்றுபவர்தான் அறிந்திருக்க வேண்டும். ஓசூர் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜீக்லர், நிக்கல்ஸ் என்ற இரு பொறியாளர்கள் 1942-இல் வகுத்துத் தந்த டியூனிங் விதிகள் தனித்து நிற்கும் ஒற்றை லூப்புக்கு உரியவை. பக்கத்து மண்டலத்தின் சூடு கசிந்து வரும் உலையில் மூன்றையும் ஒன்றாக டியூன் செய்தால், அண்டை வீட்டு அடுப்பின் சூட்டையும் தன் அடுப்பின் சூடாகவே ஒவ்வொரு லூப்பும் கணக்கெடுத்துக்கொள்ளும். வழக்கமான லோடை வைத்து, மற்ற மண்டலங்களைச் செட் பாயிண்டில் (நாம் வைத்த இலக்கு வெப்பத்தில்) நிலைநிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும்.

என் அனுபவம் சிறியது. இன்ஜெக்‌ஷன் இயந்திரத்தின் மூன்றாம் மண்டலத்தில் தெர்மோகப்பிள் வயரைப் புதிதாக வந்த இளைஞர் தலைகீழாக இணைத்துவிட்டார். ஹீட்டர் சூடேறச் சூடேறத் திரையில் எண் குறைந்துகொண்டே வந்ததை நான் நின்று பார்த்தேன். சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். அமெரிக்க முறை தெர்மோகப்பிள் வயரில் சிவப்புதான் நெகட்டிவ், கே வகைக்கு மஞ்சள் பாசிட்டிவ். ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தர முறையில் கே வகைக்குப் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ்; ஜே வகைக்குக் கறுப்பும் வெள்ளையும். ஒரே தொழிற்சாலையில் இரு நாட்டு இயந்திரங்கள் இருந்தால் இரு முறைகளும் ஒரே ஜங்ஷன் பாக்ஸுக்குள் சந்திக்கும். ஆகவே மாட்யூலை மாற்றியவுடன் செட் பாயிண்டும் தற்போதைய வெப்பமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். ஹீட்டர் வெளியீடு எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்பதைப் பாருங்கள். கோவை நண்பர் அன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தாரா என்று அறிய விரும்புகிறேன்.

சாயப்பட்டறை, திருப்பூர்:

அறிவுரை நல்லதுதான், ஆனால் அளவீடு சரி, வயர் சரி, டியூனிங்கும் சரி என்று எல்லாம் இருந்தும் எங்கள் இளைஞர் ஒருவர் உயிர் தப்பியது மயிரிழையில். பாலியெஸ்டர் துணியை 130 டிகிரியில் சாயமிடும் உயர் அழுத்த இயந்திரம் அது. சூடேற்றும் கட்டத்தில் 78 டிகிரியில் இருந்தபோது, திரைக்கும் மாட்யூல்களுக்கும் இடையிலான ஆர்.எஸ்.-485 தகவல் கேபிள் தொடர்பு அறுந்துவிட்டது. மாட்யூல்கள் தம் வேலையைத் தாமே தொடர்ந்தன. அதற்காகவே அவை அவ்வாறு உருவாக்கப்படுகின்றன. திரை மட்டும் கடைசியாகக் கிடைத்த 78-ஐ நிறம்கூட மாறாமல் காட்டிக்கொண்டிருந்தது. இடையில் ஷிஃப்ட் மாறியது. புதிதாக வந்தவர் நேரத்தைப் பார்த்தார், 78-ஐப் பார்த்தார், குளிர்ந்து முடிந்துவிட்டது என்று எண்ணி மூடியின் கைப்பிடியில் கை வைத்தார். அழுத்தம் இருக்கும்போது மூடி திறப்பதைத் தடுக்க வேண்டிய இன்டர்லாக் பல மாதங்களாகவே கழற்றிவிடப்பட்டிருந்தது என்பதை வேதனையோடு எழுதுகிறேன்.

மூத்த மேஸ்திரி ஒருவர் பின்னாலிருந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் மேல், நீராவிக் கறை படிந்த கண்ணாடிக்குள் இருக்கும் பழைய அழுத்தமானியின் முள் பூஜ்ஜியத்துக்கு மேல் அரை பார் அளவில் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். அரை பார் என்பது கேட்கச் சிறியதாக இருக்கலாம். உள்ளே நீர் 110 டிகிரிக்கு மேல் இருக்கிறது, மூடி திறந்தால் அந்தக் கணமே கொதித்துப் பொங்கும் என்பது அதன் பொருள்.

தொடர்பு அறுந்ததற்குக் காரணம், பம்ப் மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியின் கேபிளோடு, அதன் மின் இரைச்சல் படும்படி, ஒரே டிரேயில் கட்டிவைக்கப்பட்ட சிக்னல் வயரும், கேபிளின் இரு முனைகளில் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று நடுவில் பொருத்தப்பட்டிருந்ததும்தான். அவற்றை ஒரே நாளில் சரிசெய்தோம். தொடர்பு அறுந்தால் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் தோன்றும்படி திரையின் நிரலை மாற்றினோம். இன்டர்லாக்கையும் திரும்பப் பொருத்தினோம்.

பைப் லைன், கோவை:

அம்பத்தூர் நண்பருக்கு: குறை என்னுடையதுதான், அதை மாட்யூலின் மேல் போட நான் எண்ணவில்லை. நீங்கள் கேட்டபின் அந்த இரவின் பதிவை எடுத்துப் பார்த்தேன். வழக்கமாக 27 சதவீதத்தை ஒட்டி நிற்கும் நான்கு வெளியீடுகளும், மாட்யூல் மாற்றிய பிறகு, டை கருகிய நேரம் வரை 36-இல் நின்றிருக்கின்றன. அந்தப் பக்கம் திரையில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தும் தொலைவில்தான் இருந்தது. அன்று இரவு நான் அதைத் திறக்கவே இல்லை.