தடைக்கும் ஒரு ரேட்டு: நம்ம கடற்கரையில நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

கீழக்கரைக்காரன்:
எங்க சாச்சா சங்கு குளிச்சவரு. சங்கோட, கடலடியில புழு மாதிரி ஊர்ற கடல் அட்டையும் எடுப்பாங்க. குடலை எடுத்து, அவிச்சு, மணல்ல புதைச்சு, தோலைத் தேய்ச்சுக் காயப்போட்டு வியாபாரிக்குக் கொடுப்பாங்க. 2001-ல மத்திய அரசு தடை போட்டு, கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணையில சேர்த்துருச்சு. அக்கரையில, இலங்கையில, லைசென்ஸ் இருந்தா எடுக்கலாம். அப்ப சரக்கு எந்தப் பக்கம் போகும்? தடை இறுகின அளவுக்கு வழியில மாமூலும் ஏறுச்சு. எங்க தெருவுல சாக்கு தூக்கின ஒரு பையன் மாட்டிக்கிட்டு கோர்ட்டுக்கு அலைஞ்சான். சரக்கு யாருதுன்னு ஊருக்கே தெரியும், கேஸ் கட்டுக்கு மட்டும் தெரியல.

தங்கச்சிமடத்தான்:
நான் விசைப்படகுல ஓடினவன். இழுவலையோட கடைசியில மீன் சேருற பை இருக்கே, அந்தத் தூர்மடியில கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாதுங்கறது விதி. எங்க படகுல தூர்மடி ரெண்டு: காட்டுறதுக்கு ஒண்ணு, இழுக்குறதுக்கு ஒண்ணு. காட்டுற மடி தண்ணியே படாம புத்தம் புதுசா தொங்கும். சோதனைக்கு வந்தவர் அதுலதான் ஸ்கேல் வச்சு அளந்து எழுதிக்கிட்டார். அவர் இறங்குறப்ப நண்டும் கணவாயும் ஐஸோட ஒரு பெட்டியில இறங்குச்சு. இழுக்குற மடியில வந்ததுல பாதி சங்காயம், அதான் விலை போகாத கழிவு மீன். விரல் நீளக் குஞ்சு மீனெல்லாம் கோழித் தீவனத்துக்குப் போகும். நாட்டுப்படகுக்காரங்க எங்களைத் திட்டுறதுல தப்பே இல்ல.

பாசிக்காரி மக:
அண்ணே, உங்க முதலாளி நண்டு கொடுத்தார். எங்கம்மா என்னத்தக் கொடுக்கும்? விரல்ல துணி சுத்தி, கால்ல தகரத்தட்டு கட்டி, தீவுப் பக்கம் கடல்பாசி எடுத்துட்டு வந்தா, பாசியையும் முங்குறப்ப போடுற முகக் கண்ணாடியையும் வனத்துறைக்காரங்க பிடுங்கிக்குவாங்க. அபராதம்னு ஒருநாள் காசு கேட்டாங்க. அம்மா ரசீது கேட்டுச்சு. "ரசீதுன்னா கூட ஆகும்மா"ன்னாங்க. மன்னார் வளைகுடாத் தீவெல்லாம் தேசியப் பூங்கா, 1986-லயே அறிவிச்சாச்சு, சரி. அந்தத் தீவோரம் மடி இழுக்குற படகுகிட்ட இந்தக் கறார் எங்க போகுது?

தொண்டி வாசகன்:
எல்லாரையும் ஒரே தராசுல போடாதீங்க. ரோந்துக்கு டீசல் இல்லாம, படகு ஓனர்கிட்டயே கேட்டு வாங்குன அதிகாரியை எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் அந்த ஓனர் படகுல ஏறி அவர் எதைச் சோதிப்பார்? நான் தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டேன். எத்தனை கிலோ அட்டை பறிமுதல்னு வருஷவாரியா அழகா வந்துச்சு. எத்தனை கேஸ்ல தண்டனை ஆச்சுங்கற கேள்விக்கு மட்டும் வேற அலுவலகத்தைக் கேளுங்கன்னு பதில். அங்கயும் போட்டிருக்கேன்.