பெரும்பாக்கத்தில் பங்கேற்பு முறை ஆய்வு: எங்கிருந்து தொடங்குவது?

பொதுசுகாதார மாணவி, வேளச்சேரி:
சென்னையில் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் பெண்களின் உடல்நலம், மனநலம் பற்றி முதுகலை ஆய்வு செய்யப்போகிறேன். அந்தப் பெண்களையும் ஆய்வில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ளும் பங்கேற்பு முறையில் செய்யச் சொல்கிறார் வழிகாட்டி. சர்க்கரை நோய் பற்றிய கேள்விகள் தயார். கூடவே வரைபடம் வரையச் சொல்லலாம், போட்டோ எடுக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இது போதுமா?

களப்பணி அக்கா:
கேள்வி தயார் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது தங்கச்சி. எதைப் பற்றிப் பேசுவது என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டால் அவர்களுக்கு என்ன பங்கு இருக்கிறது? முதல் கூட்டத்துக்குக் கேள்வித்தாள் இல்லாமல் போங்கள். கீழ்த்தளத்தில் கோலமாவால் பிளாக்கை வரையட்டும். கடை, பஸ் ஸ்டாப், விளக்கில்லாத இடம் எல்லாம் அவர்களே குறிப்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு பிடி புளியங்கொட்டை கொடுத்து, உடம்பை எது அதிகம் கெடுக்கிறதோ அங்கே வைக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்படிச் செய்தபோது, சர்க்கரையைவிட லிஃப்ட்டுக்குத்தான் கொட்டை குவிந்தது. ஏன் என்று கேட்டோம். மேல்மாடி அம்மா ஒருவர், லிஃப்ட் ஓடாத நாட்களில் மூட்டு வலியோடு படியிறங்க முடியாமல் சர்க்கரை மாத்திரை வாங்குவதைத் தள்ளிப்போடுவதாகச் சொன்னார். உடனே நாலைந்து பேர் "எனக்கும் அதேதான்" என்றார்கள். அந்தப் பேச்சை விடாமல் பதிவு செய்யுங்கள். கொட்டையை எண்ணிப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் இது கிடைக்காது.

தண்ணீர் பிடிக்கும் நேரம், வேலைக்குக் கிளம்பும் நேரம் கேட்டுக் கூட்டம் வையுங்கள். அரை நாள் கூலியை விட்டு வருகிறவரை டீ, பிஸ்கட்டோடு அனுப்புவது நியாயமே இல்லை. அந்தப் பணத்தை முதலிலேயே பட்ஜெட்டில் போடுங்கள்.

தரமணி வாசகர்:
போட்டோ பற்றி ஒன்று. 1990களில் சீனாவின் யுன்னானில் கிராமப் பெண்களோடு கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் செய்த முறை இது. எடுத்த படங்களை வைத்துக் கூடிப் பேசுவதும், முடிவெடுக்கும் அதிகாரிகளிடம் கொண்டுபோவதும் அதில் சேர்த்தி. பக்கத்து வீட்டுக்காரர் முகம் படத்தில் விழுந்தால் அவர் சம்மதமும் வாங்க வேண்டும்.

பொதுசுகாதார மாணவி:
நன்றி அக்கா. ஆனால் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு கேள்விகளை முன்கூட்டியே கேட்கிறதே? வழிகாட்டியும் "இதெல்லாம் ஆய்வா?" என்பாரோ என்று பயமாக இருக்கிறது.

களப்பணி அக்கா:
பேசப்போகும் பொதுவான விஷயங்களையும், கேள்விகள் எப்படி உருவாகும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் கேள்விகள் முடிவானதும் அவற்றை முதல் விண்ணப்பத்துக்கு ஒரு திருத்தமாகக் குழுவிடம் சமர்ப்பித்து, ஒப்புதல் வந்தபின் தொடருங்கள். வழிகாட்டியிடம் ஜார்க்கண்ட், ஒடிசா ஆய்வைக் காட்டுங்கள், 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஏக்ஜுட் அமைப்பு நடத்திய பெண்கள் குழுக்கள் தங்கள் பிரச்சினைகளைத் தாங்களே வரிசைப்படுத்தித் தீர்வு தேடின. குழுக்கள் இருந்த பகுதிகளில், இல்லாத பகுதிகளைவிட, பச்சிளங்குழந்தை இறப்பு மூன்று ஆண்டுகளில் 32 சதவீதம் குறைவாக இருந்தது.

இன்னொன்று, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் உங்கள் முடிவுகளை அந்தப் பெண்களிடம் தமிழில் படித்துக் காட்டுங்கள். "நாங்கள் அப்படிச் சொல்லவில்லை" என்று ஒருவர் சொன்னாலும் அதையும் ஏட்டில் எழுத இடம் வையுங்கள். அதற்கு ஒரு மாதமாவது கையில் இருக்கட்டும்.