செயலிழப்பா, நலிவா? இதய நோய்க் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

பொன்னி, தஞ்சாவூர் (வியாழன் காலை)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இதய நோயாளிகளுக்கான 16 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது, தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன். ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்பதற்கு எல்லாரும் எழுதுவது ‘இதயச் செயலிழப்பு’. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். போன வாரம் வார்டில் ஓர் அம்மாவிடம் முதல் பிரதியைப் படிக்கக் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்ததுமே மூடி மடியில் வைத்துவிட்டார். “செயல் இழந்துபோச்சுன்னா அப்புறம் எதுக்கும்மா மாத்திரை?” என்று கேட்டார்.

அவருக்கு இதயம் துடிக்கிறது, அவரும் நடமாடுகிறார். உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியவில்லை, அதுதான் நோய். நீர் தேங்கிக் கால் வீங்குகிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. மாத்திரையை விடாமல் போட்டு, ஊறுகாயையும் கருவாட்டையும் தள்ளி வைத்தால் இன்னும் பல ஆண்டு நடமாடுவார். இதைச் சொல்ல ஒரு சொல் தாருங்கள். படிப்பவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தோன்றியது: இதயத் தளர்ச்சி.

கதிர், சென்னை (வியாழன் மதியம்)

பொன்னி அக்கா, செயலிழப்பை விடாதீர்கள். சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் செயலிழப்பு என்று ஒரு வரிசை நிலைத்துவிட்டது. ஓர் உறுப்புக்கு மட்டும் வேறு சொல் வைத்தால், நாளிதழில் ஒன்று, மருத்துவமனைச் சீட்டில் ஒன்று, உங்கள் கையேட்டில் ஒன்று என்று மூன்றாகிவிடும். நோயாளிதான் திண்டாடுவார்.

தவிர, இழப்பு என்றால் முழுதும் போய்விட்டது என்று ஏன் கொள்ள வேண்டும்? எடை இழப்பு என்கிறோம். எடையே இல்லாமல் போய்விட்டது என்று யாராவது நினைக்கிறார்களா? இரத்த இழப்பும் அப்படித்தான்.

சு., வேலூர் (வியாழன் இரவு)

ஓ.பி. முடித்து இப்போதுதான் படித்தேன். கதிர் தம்பி, எடையும் இரத்தமும் அளவுப் பொருள்கள், கொஞ்சம் போனாலும் மீதி இருக்கும். பார்வை இழந்தவர், நினைவிழந்தவர் என்னும்போது அப்படி இல்லையே? செயலிழந்த இதயம் என்றால் காதில் விழுவது நின்றுபோன இதயம்தான். நிற்பதற்கு வேறு பெயர் தேவைப்படுகிறது. ஏற்கெனவே நாளிதழ்களில் இரத்தக்குழாய் அடைத்தாலும் மாரடைப்பு, இதயம் திடீரென்று நின்றாலும் மாரடைப்பு. மூன்றாவது குழப்பம் வேண்டாம்.

ஆனால் சகோதரி, தளர்ச்சியும் சரிவராது. காரணத்தைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

இந்த நோயை எக்கோ படம் எடுத்து அளக்கிறோம். இடது கீழறையில் நிறைந்த இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை விழுக்காடு வெளியே போகிறது என்பது முக்கியமான கணக்கு. இயல்பான இதயத்தில் சுமார் 55 முதல் 70 வரை இருக்கும். முழு நூறும் எந்த இதயத்திலும் வெளியேறுவதில்லை. (இதை 100-க்கு வாங்கிய மதிப்பெண் என்று எண்ணி, 60 என்றதும் கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.) 40-உம் அதற்குக் கீழும் என்றால் இறைக்கும் வலு குறைந்த வகை. அதைத் தளர்ச்சி எனலாம்.

ஆனால் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த எண் 50-க்குக் குறையாமல் இருக்கும். அவர்களுக்கு இதயத் தசை விறைத்துப்போய், இரத்தம் வந்து நிறைய இடம் கொடுப்பதில்லை. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் மட்டும் அதேதான். விறைத்ததற்குத் தளர்ச்சி என்று பெயர் வைத்தால் பாதிப் பேருக்குப் பொய் சொன்னதாகும்.

நியூயார்க் இதயக் கழகம் 1928-இல் வகுத்த நான்கு படிநிலைகளை இன்றும் பயன்படுத்துகிறோம். முதல் படியில் இருப்பவருக்கு அன்றாட வேலையில் எந்தச் சிரமமும் இராது. நான்காம் படியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே இரைக்கும். மருந்தில் அந்த எக்கோ எண் 30-இலிருந்து 50-க்கு ஏறியவர்களும் உண்டு. நமக்கு வேண்டிய சொல் இவர்கள் எல்லாருக்கும் பொருந்த வேண்டும்.

இரா. அ., மதுரை (வெள்ளி காலை)

அம்மா பொன்னி, மருத்துவர் கேட்கும் சொல் தொல்காப்பியத்தில், அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியலில் இருக்கிறது.

“ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்
ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்”

உள்ளதன் நுணுக்கம்! உள்ளது இல்லாமல் போவதை இது சொல்லவில்லை. இருப்பது இருந்தபடியே நுணுகிப்போவதைச் சொல்கிறது. உங்கள் நோயும் அதுதானே? அகப்பாடல்களில் பிரிவால் தலைவியின் தோள் சாய்வதும் இந்தப் பொருளில்தான். தோள் எங்கும் போய்விடவில்லை, மெலிகிறது. ஆகவே ‘இதயச் சாய்வு’ என்பது என் பரிந்துரை. ‘இதய ஓய்வு’ இன்னும் செறிவானது, ஆனால் இன்று ஓய்வு என்றால் பணி ஓய்வு என்றாகிவிட்டது.

நிழத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிழத்தலும் நிழலும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். ஒளி நுணுகிய இடம் நிழல். நிழல் இருக்கும் இடத்தில் ஒளி அறவே இல்லை என்று சொல்ல முடியாது, குறைந்திருக்கிறது. இதய நிழத்தல் என்றால் எவ்வளவு நுட்பம்! ‘நீழல்’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

செந்தாழை, புதுச்சேரி (வெள்ளி)

தலைப்பின் முதற்சொல்லை யாரும் கேட்கவே இல்லையே. இதயம் வடசொல். நெஞ்சாங்குலை என்று நம் ஊர்களில் வழங்கும் உயிருள்ள சொல் இருக்க, அதை ஏன் விட வேண்டும்? இரத்தத்தையும் குருதி ஆக்குங்கள். மருத்துவத் தமிழில் இன்று விட்டுக்கொடுத்தால் நாளை மீட்க முடியாது.

நி., மானிப்பாய், யாழ்ப்பாணம் (வெள்ளி இரவு)

எங்கள் பக்கம் இருதயம் என்றுதான் கதைப்போம். நீங்கள் இரத்த அழுத்தம் என்பது எங்களுக்குக் குருதியமுக்கம், பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அதுதான். அதனால் குருதி எனக்குப் பழக்கமான சொல். நெஞ்சாங்குலைதான் சங்கடம், குலை என்றால் பலருக்கு ஈரல்குலைதான் நினைவுக்கு வரும்.

ஐயாவுக்கு ஒன்று சொல்ல ஆசை. 1847-இல் இங்கே வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். உடற்கூற்றியலுக்கு அவர் எடுத்த சொல் ‘அங்காதிபாதம்’. இன்றைக்கு அது ஒருவருக்கும் விளங்காது. ஆனால் அன்றைக்கு அந்தச் சொல்லோடு படித்தவர்கள் நோயாளியைப் பார்த்தார்கள். அதனால் தங்கச்சி, நூறு வருஷம் நிற்கிற சொல்லைத் தேடாதீர்கள்.

பாரிசில் என் தமக்கைக்கு இதே வருத்தம். அங்கே டாக்டர் சொன்ன பெயர் ‘ஆன்சுஃபிசான்ஸ் கார்டியாக்’. போதாமை என்று அர்த்தம். ஜெர்மன் மொழியிலும் அப்படித்தான் சொல்வார்கள். ‘இருதயப் போதாமை’ என்றால் என்ன?

சு., வேலூர் (சனி காலை)

போதாமை நல்ல யோசனை அக்கா. உடம்பின் தேவை ஒரு பக்கம், இதயம் தருவது ஒரு பக்கம், இரண்டும் ஒட்டவில்லை என்று சரியாகச் சொல்கிறது. ‘ஈடுகொடுக்க முடியவில்லை’ என்று நாம் பேச்சில் சொல்வதும் அதேதான். இறைவை நன்றாகவே இருந்தாலும் வயலுக்குத் தண்ணீர் பற்றாமல் போகலாம் இல்லையா, அந்த மாதிரி.

‘சாய்வு’ வேண்டாம் ஐயா. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கேட்பார்கள்.

செந்தாழை, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இதயத்தை மாற்றும் வேலையைத் திங்களுக்குள் முடிக்க முடியாது.

பொன்னி, தஞ்சாவூர் (சனி இரவு)

எல்லாருக்கும் நன்றி. இன்று ஐந்து சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி வார்டுக்கு எடுத்துப்போனேன்: செயலிழப்பு, தளர்ச்சி, சாய்வு, போதாமை, நலிவு. கடைசியாக உள்ளது என் மாமியார் சொன்னது.

போதாமையைப் படித்த பெரியவர் ஒருவர் “என்ன பத்தல?” என்று கேட்டார், இரத்தம் பற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு இரத்தச்சோகைக்குப் போய்விட்டார். சாய்வு யாருக்கும் பிடிபடவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும். நலிவைப் படித்ததும் “ஆமா, நலிஞ்சுதான் போச்சு” என்றார் ஓர் அம்மா. அப்புறம் அவரே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எனக்கு அது போதும்.

கதிர், சென்னை (ஞாயிறு காலை)

அக்கா, நலிவு அரசு அறிவிப்பு மொழி. நலிந்த கலைஞர், நலிவுற்றோர் உதவித்தொகை. நோயின் பெயராக ஒலிக்கவில்லை. ‘இதயத் திறன்குறைவு’ எவ்வளவோ மேல். குறைவு என்று நேராகவே சொல்கிறது.

இரா. அ., மதுரை (ஞாயிறு)

நலிவில் துன்பமும் உண்டு, மெலிவும் உண்டு. தளர்ந்தது, விறைத்தது என்று அது பிரிக்காது. சாஅய் போனதில் வருத்தம்தான், ஆனால் நலிவுக்கு என் ஒப்புதல்.

பொன்னி, தஞ்சாவூர் (ஞாயிறு இரவு)

தனி மடல்களையும் சேர்த்தால் நலிவுக்கு ஆறு பேர், திறன்குறைவுக்கு நாலு பேர். மற்றவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அட்டையில் ‘இதய நலிவு’ என்று போடுகிறேன். கீழே சிறிய எழுத்தில்: “உடம்பின் தேவைக்கு இதயம் ஈடுகொடுக்க முடியாத நிலை. இதயம் நின்றுவிட்டது என்று பொருள் அல்ல.” சீட்டில் செயலிழப்பு என்று எழுதியிருந்தாலும் இதே நோய்தான் என்று உள்ளே ஒரு வரி உண்டு. மூன்று நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவரிடம் போகச் சொல்லும் வரியைத் தடித்த எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

கதிர், சென்னை (ஞாயிறு இரவு)

அச்சுக்குப் போகட்டும் அக்கா, தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் இழையில் இருக்கட்டும். அடுத்த மாதம் சிறுநீரகக் கையேடு வருகிறதே, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்? சிறுநீரக நலிவா?