பர்மா ஜேட் வளையல்: ஒரிஜினலா, ட்ரீட்மென்ட் பண்ணதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உட்லண்ட்ஸ்வாசி

எல்லாருக்கும் வணக்கம். யாங்கூன்ல இருக்கற எங்க சின்ன அத்தை சிங்கப்பூர் வந்தப்போ எனக்கு ஒரு ஜேட் வளையல் கொண்டாந்து குடுத்தாங்க. இளம்பச்சை, சுத்திலும் ஒரே கலர், வெளிச்சத்துல புடிச்சா லேசா ஒளி ஊடுருவுது, பாக்க அவ்ளோ அழகு. கூடவே கடைல குடுத்த லேமினேட் கார்டு ஒண்ணு இருக்கு, அதுல போட்டோ, எடை, 'நேச்சுரல் ஜேடைட்'னு ஒரு வரி, அவ்ளோதான். ஆபீஸ்ல சீன அக்கா ஒருத்தங்க கைல வாங்கிப் பாத்துட்டு "கலர் ரொம்ப சீரா இருக்கே, பி ஜேடா இருக்கும், அதாவது ஆசிட்ல போட்டு பிசின் ஏத்தினது, செக் பண்ணிக்கோ"ன்னாங்க. அதுலேர்ந்து மனசு கேக்கல. அத்தை ஆசையா குடுத்தது, விக்கப் போறதில்ல, ஆனா என்னன்னு தெரிஞ்சுக்கணும். வீட்லயே பாக்க வழி இருக்கா? இல்ல லேபுக்குத்தான் போகணுமா?

கிள்ளான்பையன்

அக்கா, எங்க வீட்ல பெரியவங்க சொல்ற வழி: தலைமுடி ஒண்ண கல்லுல இறுக்கமா சுத்தி லைட்டரால காட்டுங்க, முடி கருகலன்னா ஒரிஜினல். அப்புறம் கன்னத்துல வெச்சா ஜில்லுன்னு இருக்கணும், கண்ணாடிய கீறினா கோடு விழணும். இந்த மூணும் பாஸ் ஆனா பயமே வேணாம்.

கல்லும்லென்ஸும்

உட்லண்ட்ஸ்வாசி, அந்த லைட்டர் வேலைய மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. கல்லு சூட்ட சீக்கிரம் இழுத்துக்கறதால எந்தக் கல்லுல சுத்தினாலும் முடி கொஞ்ச நேரம் கருகாது, அது ஜேடுக்குன்னு உள்ள குணம் இல்ல. உங்களது நிஜமாவே பி ஜேடா இருந்தா உள்ள இருக்கற பிசின் அந்த சூட்டுல கெட்டுப்போகும். கீறிப் பாக்கறதும் வேணாம், சாயம் போட்ட குவார்ட்ஸும் கண்ணாடிய கீறும். தம்பி நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருக்கார், ஆனா இதுல வளையல்தான் வீணாகும்.

நான் ஜெம் டெஸ்டிங் வேலைல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். இங்க ரெண்டு கேள்வி இருக்கு, எல்லாரும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறாங்க. இது ஜேடா, வேற கல்லாங்கறது ஒண்ணு. ஜேடுதான்னா அத என்ன பண்ணியிருக்காங்கங்கறது இன்னொண்ணு. மொதல் கேள்விக்கு வீட்லயே பெரும்பாலும் பதில் கெடைச்சிரும். ரெண்டாவதுக்கு வீட்ல சந்தேகம்தான் பட முடியும், முடிவா சொல்ல முடியாது.

ஜேடுன்னு விக்கறதுல ஜேடைட், நெஃப்ரைட்னு ரெண்டு தனித்தனிக் கல்லு இருக்கு, 1863ல தமூர்ங்கற ஃபிரெஞ்சு ஆய்வாளர்தான் அத பிரிச்சுக் காட்டினார். பர்மாலேர்ந்து வர்ற விலை ஒசந்தது ஜேடைட். அதோட அடர்த்தி, அதாவது தண்ணியவிட எத்தனை மடங்கு கனம்ங்கறது, 3.3 சொச்சம், நெஃப்ரைட் 2.95 கிட்ட, குவார்ட்ஸ் 2.65, செர்பென்டைன்ங்கற இன்னொரு பச்சைக் கல்லு 2.6 பக்கம். 'மலேசியா ஜேட்'னு விக்கறது சாயம் போட்ட குவார்ட்ஸ், 'இந்தியன் ஜேட்' அவென்சுரின்ங்கற ஒரு வகை குவார்ட்ஸ், 'நியூ ஜேட்' செர்பென்டைன். பேர்லதான் ஜேட் இருக்கு.

சமையலறை டிஜிட்டல் தராசு இருக்குல்ல, ஒரு கிராமுக்குக் கீழயும் காட்டற மாதிரி இருந்தா நல்லது, அதுல மொதல்ல வளையல மட்டும் எடை போடுங்க. அப்புறம் தண்ணி ஊத்தின அகலமான கிண்ணத்த தராசுல வெச்சு ஜீரோ பண்ணிட்டு, வளையல நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி தொங்க விடுங்க. அடியிலயும் பக்கத்துலயும் படக்கூடாது, குமிழி ஒட்டியிருந்தா தட்டி விட்டுருங்க. இப்ப தராசு காட்டற நம்பரால மொத எடைய வகுத்தா அடர்த்தி வந்துரும். கல்லுக்கு எந்தக் கெடுதலும் இல்ல.

இப்ப ரெண்டாவது கேள்வி. ஏ டைப்னா மேல மெழுகு தடவினதத் தவிர ஒண்ணும் செய்யாதது. பி டைப்னா ஆசிட்ல ஊறப்போட்டு பழுப்புக் கறையெல்லாம் எடுத்துட்டு, அதுல உள்ள அரிச்சுப்போன இடத்துல எல்லாம் பிசின ஏத்தறது. 1980கள்லேர்ந்து இது மார்க்கெட்ல இருக்கு. சி டைப்னா சாயம், ரெண்டும் சேந்தா பி பிளஸ் சி. இந்த ஏ-பி-சிய தரம்னு நினைச்சுக்கறவங்க நிறைய பேர். அப்படி இல்லீங்க, மங்கலான சாம்பல் கலர் கல்லும் ஏ டைப்பா இருக்கும், விலையும் கம்மியாத்தான் இருக்கும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. விளக்கு வெளிச்சம் வளையல் மேல பட்டுத் தெறிக்கற எடத்த சாய்ச்சு சாய்ச்சுப் பாருங்க. மேல்பரப்பு முழுக்க சிலந்தி வலை மாதிரி பொடிப்பொடியா கோடு ஓடினா ஆசிட் அரிச்ச தடம். ஆனா மெதுவா வளைஞ்ச சின்னச் சின்னக் குழி மட்டும்னா பாலிஷ்ல வர்றது, ஏ டைப்லயும் இருக்கும், பயப்படாதீங்க. அப்புறம் பின்னாடிலேர்ந்து டார்ச் அடிச்சு, பச்சை எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க. மணிமணியா உள்ள கலந்திருந்தா நல்லது. வெடிப்புலயும் மணிகளுக்கு நடுவுல இருக்கற இடுக்குலயும் நரம்பு மாதிரி ஓடினா சாயம். 365 நானோமீட்டர் யூவி டார்ச்ல இருட்டுல வெச்சுப் பாத்து சீரா நீலவெள்ளையா ஒளிர்ந்தா பிசின் இருக்கலாம், ஆனா ஒளிரலங்கறத வெச்சு ஏ டைப்னு சொல்லிட முடியாது, மெழுகும் கொஞ்சம் ஒளிரும்ங்கறதால ஒளிர்றத மட்டும் வெச்சு பி டைப்னும் சொல்லிட முடியாது. இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி, அதாவது அகச்சிவப்பு ஒளிய வெச்சுப் பண்ற சோதனைதான் பிசின உறுதியா காட்டும். அது லேப் வேலை.

ரங்கூன்தமிழ்

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். பர்மாவுல வாங்கினதுன்னாலே சுத்தமானதுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேரு நினைச்சுக்கறாங்க. பி ஜேடும் பர்மா கல்லுதாங்க, கச்சின் மாநிலத்துல பக்காந்துல தோண்டி எடுத்த கல்லையே ஆசிட்ல போட்டுத்தான் அத பண்றாங்க. அதனால உங்க கார்டுல 'நேச்சுரல் ஜேடைட்'னு போட்டிருக்கறது பொய்யாவும் இருக்காது, கல்லு என்னன்னு மட்டும் சொல்லிட்டு என்ன செஞ்சாங்கங்கறத விட்டிருக்கு. மண்டலே சந்தைல யாவாரிங்க சின்ன டார்ச்சோட கல்லுல மூக்கு படற அளவு குனிஞ்சு பாத்துட்டிருப்பாங்க, அவங்களே சில கல்லுக்கு லேபுக்குத்தான் அனுப்பறாங்க.

விலையையும் யோசிச்சுப் பாருங்க. ஒரு வளையலுக்கு வெடிப்பில்லாத பெரிய துண்டு வேணும், நடுவுல இருக்கறது தனியா வெட்டுப்பட்டுப் போகும். அதுல சுத்திலும் ஒரே பச்சை, ஒளியும் ஊடுருவணும், ஏ டைப்பாவும் இருக்கணும்னா சாதாரணக் குடும்பத்தால வாங்கவே முடியாது. 2014ல ஹாங்காங் சோதபீஸ் ஏலத்துல 27 மணி கோத்த ஜேடைட் மாலை ஒண்ணு 2.7 கோடி அமெரிக்க டாலருக்கு மேல போச்சு, நல்ல பச்சைக்கு விலை அப்படி.

இந்தக் கல்லுக்குப் பின்னாடி உயிர்களும் இருக்கு. 2020 ஜூலை 2ந்தேதி பக்காந்துல மண்மேடு சரிஞ்சு 170 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் கம்பெனி கொட்டின மண்ணுல மிச்சக் கல்லு பொறுக்க வந்த ஏழைங்கதான். ஜேட் வாங்கறவங்க இதத் தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதறேன்.

உட்லண்ட்ஸ்வாசி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். எடை போட்டேன், வெளிய 54.2, தண்ணில 16.3, வகுத்தா 3.32 கிட்ட வருது, அப்ப ஜேடைட்தான்னு ஒரு நிம்மதி. ஆனா லென்ஸ்ல அண்ணன் சொன்ன அந்த வலை அப்படியே தெரியுது, உள்பக்கம் இன்னும் ஜாஸ்தி. பச்சை இடுக்குல ஓடல, அது உள்ள கலந்த மாதிரிதான் இருக்கு. யூவில நல்லா நீலமா ஒளிருது. லேபுக்குக் குடுக்கப் போறேன். இன்னொரு விஷயம், ஒரு எடத்துல முடி மாதிரி வெடிப்பு இருக்கு, நகம் மாட்டுது. அங்க தங்கப் பூண் போடலாம்னு அம்மா சொல்றாங்க, பத்தர்கிட்ட குடுக்கலாமா?

கல்லும்லென்ஸும்

நீங்க சொல்றதப் பாத்தா சாயம் இல்லாத பி டைப்பா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா லேப் சொல்லட்டும். ரிப்போர்ட் வாங்கும்போது பிசின் இருக்கா இல்லையான்னு ஒரு வரி தெளிவா இருக்கணும்னு கேட்டு வாங்குங்க, இன்ஃப்ராரெட்ல பாத்தாங்களான்னும் கேளுங்க.

பூண் போடலாம், ஆனா வளையல் மேல வெச்சு நெருப்ப ஊதி பத்த வெக்கக் (சாலிடர் பண்ண) கூடாது. பூண தனியா செஞ்சு, ஆறினப்புறம் வளையல்ல மாட்டி நசுக்கி இறுக்கவோ சின்ன ஆணி போட்டு முடுக்கவோ சொல்லுங்க, "இதுல பிசின் இருக்கலாம், சூடு ஆகாது"ன்னு பத்தர்கிட்ட மொதல்லயே சொல்லிருங்க. நகை சுத்தம் பண்ற அல்ட்ராசோனிக் மெஷின்ல போட விடாதீங்க, கொதிதண்ணி, பிளீச் கிட்டயும் கொண்டு போகாதீங்க. லேசான சோப்புத் தண்ணில கழுவி துணியால தொடச்சா போதும். வெடிப்புல நகம் மாட்டுதுன்னா பூண் போடற வரைக்கும் கைல போடாம வெச்சிருங்க, பி டைப் கல்லு ஏ அளவுக்கு அடி தாங்காது.